யாரா பள்ளத்தாக்கில் ஒரு நாள்

மெல்பர்னில் இருந்து சின்ன வேனில் ஒன்பது பேர் கிளம்பினோம். முதலில் யெரிங். விக்டோரியா மாநிலத்தின் முதல் திராட்சைக் கொடிகளை 1838இல் நட்டது இங்கேதான். பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் ஒரு வாய் குடித்தேன். நிறம் வெளிறியிருந்தாலும் செர்ரிப் பழ மணம் நாக்கிலேயே தங்கியது. கூடவே ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும்.

அப்புறம் ஹீல்ஸ்வில் சரணாலயம். நான் வந்ததே இதற்காகத்தான். மனிதப் பராமரிப்பில் முதன்முதலாக பிளாட்டிபஸ் (வாத்து போன்ற அலகுள்ள பாலூட்டி) முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது இங்கே, 1943இல், விலங்கியலாளர் டேவிட் ஃப்ளேயின் கவனிப்பில். இருட்டறைத் தொட்டியில் பார்த்தேன். முழங்கை நீளம்தான் இருக்கும். தண்ணீருக்குள் கண், காது, மூக்கு எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறது. இரை அசையும்போது எழும் மெல்லிய மின்துடிப்பை அலகாலேயே உணர்ந்து பிடிக்கிறது! வேனுக்குக் கூப்பிட்டார்கள், இன்னும் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.