சனி 9.4, ஞாயிறு 21.1: இந்த முறை ரெண்டையும் முடிச்சிட்டன்

ஞாயிறு காலையில 7 மணி 36 நிமிசத்துக்கு முடிவுக் கோட்டத் தாண்டினன். அரை மரதன், 2 மணி 36 நிமிசம். நேரத்த விடுங்க, முதல் நாள் சனிக்கிழமையும் ஒரு ஓட்டம் ஓடின அதே காலாலதான் இத முடிச்சன், எனக்கு அதுதான் பெரிசு. போன வருசம் இதே ரெண்டு நாள் ஓட்டத்தில 13வது கிலோமீற்றர்ல ரெண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடிச்சி, றோட்டோரம் ஒரு மதில்ல சாஞ்சி இருந்து, என்ட வீட்டுக்காரர் இவருக்கு கோல் எடுத்து, ஓட்டோவில வீட்ட வந்து சேர்ந்தன். அண்டைக்கு அழுதது இன்னும் ஞாபகம் இரிக்கி. அந்த ஒரு வருசத்துக்குள்ள என்ன மாத்தினன் எண்டத எழுதி வைக்கிறன், நம்மட மட்டக்களப்புப் பக்கம் இப்ப பொம்புளைகளும் விடியக் காலத்தில ஓடுறத நான் கல்லடிப் பாலத்தில காணுறன், அவங்களுக்கு உதவும்.

முதல்ல இந்த ரெண்டு ஓட்டமும் என்னெண்டு சொல்லுறன். சித்திரை வருசம் பிறந்தா ஊர் ஊரா விளையாட்டு விழா தானே, முட்டி உடைக்கிறது, வழுக்கு மரம், தலகணிச் சண்டை, கயிறு இழுக்கிறது எல்லாம் பின்னேரம், ஆனா காலையில முதல் நிகழ்ச்சி எப்பவும் மரதன்தான். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர், நம்மட ஊருல கோயிலடியில தொடங்கி அடுத்த ஊர் சந்தி வரைக்கும் போய்த் திரும்பினா அது மரதன். சின்ன வயசுல இருந்து எனக்கு அந்தச் சொல்லுல ஒரு ஆசை. சனிக்கிழமை ஓடினது அப்பிடி ஒரு கிராமத்துக் கழகம் நடத்தினது, என்ட மணிக்கூட்டில 9.4 காட்டிச்சி. ஞாயிறு டவுனில நடந்த அரை மரதன், முழுசா 21.1. ரெண்டும் ஒரே கிழமை முடிவுல விழுந்தது போன வருசம் தற்செயலா, இந்த வருசமும் அப்பிடியே வந்திச்சி, நான் சனிக்கிழமைய விட்டிட்டு ஞாயிறு மட்டும் ஓடியிருக்கலாம், ஆனா எனக்கு அந்த ரெண்டையும் சேத்து முடிக்கணும் எண்டு மனசுல ஊறிப் போச்சி.

போன வருசம் பிழைச்சது எங்க எண்டு கன நாள் யோசிச்சன். ஞாயிறு ஓடின விதத்திலதான் பிழை எண்டு நினைச்சிக்கொண்டு இருந்தன், தண்ணி குடிச்சது காணாது, வெயில் கூட, அப்பிடி. மறுகா குறிப்புக் கொப்பிய எடுத்துப் பார்த்தா, பிழை சனிக்கிழமையே நடந்து முடிஞ்சிட்டு. சனி 9.4 கிலோமீற்றர 58 நிமிசத்தில ஓடியிருக்கன், அதாவது ஒரு கிலோமீற்றருக்கு 6 நிமிசம் 10 செக்கன், அது என்ட முழு வேகம். முடிஞ்ச கையோட ஒரு பிளேன்டீ, ஒரு பணிஸ். வீட்ட வந்து குளிச்சிட்டு அப்பிடியே படுத்திட்டன், மத்தியானம் சாப்பிட்டது மூணு மணிக்கு, அதுவும் பசியில்லாம ஒள்ளம். பின்னேரம் எழும்பி மெசினுக்கு உடுப்புப் போட்டு, வீடு கூட்டி, சொந்தக்காரர் வீட்டு வருசச் சாப்பாட்டுக்குப் போய், பதினொரு மணிக்குத்தான் படுக்க. இப்பிடி ஒரு நாள வச்சிக்கொண்டு அடுத்த நாள் 21 ஓடலாமெண்டு நினைச்சிருக்கன்.

உடம்புக்குள்ள நடக்கிறது இதுதான். நாம சாப்பிடுற மாச்சத்த தசையும் ஈரலும் கிளைக்கோஜன் எண்டு சேத்து வைக்குது, ஓடக்குள்ள அது கரையும், திரும்ப முழுசா நிரம்ப நல்லாச் சாப்பிட்டாலும் ஒரு நாள் அளவுக்கு எடுக்கும். ஓடி முடிஞ்ச முதல் சில மணித்தியாலத்தில தசை அத வேகமா உறிஞ்சும், அந்த நேரத்த விட்டா பிறகு மெதுவாத்தான். இன்னொரு விசயம் எனக்குப் புதுசு. முழு வேகத்தில ஓடினா தசை நாருகள்ல சின்னச் சின்னக் காயம் வரும், காயம் பட்ட தசை கிளைக்கோஜன சேக்கிறதும் மெதுவு. அதால சனிக்கிழமை அடிச்சி ஓடிட்டு, பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் ஞாயிறு கால் நிரம்பி இருக்காது. மேலால அந்த நோவும் ஓடின அடுத்த நாளும் அதுக்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும்.

மகனுக்கு பதினொரு வயசு, அவன்தான் எனக்கு ஒவ்வொரு கதையும் தேடித் தேடிச் சொல்லுறவன். அமெரிக்காவில டிஸ்னி வேர்ல்ட்ல 2006ல இருந்து சனிக்கிழமை அரை மரதன், ஞாயிறு முழு மரதன் எண்டு ஓடுறாங்களாம் அம்மா எண்டான். செக்கோஸ்லோவாக்கியாவில சாற்றோபெக் எண்டு ஒருத்தர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில பத்தாயிரம் மீற்றர், ஐயாயிரம் மீற்றர், மரதன் மூணுலயும் தங்கம், எட்டு நாளைக்குள்ள, அதுல மரதன் அவருக்கு வாழ்க்கையில முதல் தடவையாம். எனக்குக் கேட்டு மெய் சிலிர்த்திட்டு. ஆனா திகதிய எண்ணிப் பார்த்தா அவருக்கும் ஒவ்வொரு இறுதி ஓட்டத்துக்கும் இடையில மூணு நாலு நாள் இருந்திருக்கு. நமக்குச் சனி ஏழேகாலுக்கு முடிஞ்சா ஞாயிறு அஞ்சு மணிக்குத் தொடக்கம், கிட்டத்தட்ட 22 மணித்தியாலம். அந்த 22 மணித்தியாலத்தத்தான் இந்த வருசம் நான் பயிற்சி எடுத்தன் எண்டு சொல்லலாம்.

தை மாசம் மழை விட்டு றோட்டுக் காஞ்ச உடன தொடங்கினன், 14 கிழமை. கிழமை நாள்ல ரெண்டு சின்ன ஓட்டம், சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து. முதல்ல சனி 6, ஞாயிறு 8. கூட்டிக் கூட்டி கடைசியில சனி 10, ஞாயிறு 18. நாலு கிழமைக்கு ஒருக்கா குறைச்சி ஓடினன், அந்தக் கிழமையில காலுக்கு உசிர் வந்த மாதிரி இரிக்கும். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு கல்லடிப் பழைய பாலத்தால டவுனுக்குள்ள போய், பார் வீதியால பாலமீன்மடு வெளிச்சவீடு வரைக்கும். அந்த வெளிச்சவீடு 1913ல கட்டினது, அவடத்த போய்த் தொட்டிட்டுத்தான் திரும்புவன். பாலம் 1924ல திறந்தது, பக்கத்தில 2013ல புதுப் பாலம் வந்த பிறகு பழையதுல அந்த நேரம் தூண்டில் போடுறவங்களும் நானும்தான், காத்து ஆத்துப் பக்கமிருந்து வரும், அந்த ஒரு நிமிசத்துக்காகவே எழும்பலாம். நாய்த் தொல்லைக்கு இவர் மோட்டச்சைக்கிள்ல பின்னால வருவார், ரெண்டு மாசத்தில நாயெல்லாம் பழகிட்டு.

சனிக்கிழமை மெதுவா ஓடப் பழகினதுதான் எல்லாத்தையும் விடக் கஸ்டம். பக்கத்தில ஆரும் தாண்டிப் போனா கால் தானாகவே எழும்பும். அதுக்கு நான் வச்ச அளவு, முழு வசனமா ஒரு ஆளோட கதைச்சிக்கொண்டு ஓட ஏலணும், மூச்சு வாங்கினா வேகம் கூட.

இப்ப ஓட்டத்துக்கு வாறன். சனி ஆறு மணிக்குத் தொடங்கிச்சி. கழகத்துப் பொடியனுகள் வெடி கொளுத்தின உடன எல்லாரும் பறந்திட்டாங்க, நான் கடைசிக்கு முதல் ஆள். ஒலிபெருக்கியில அறிவிப்பாளர் அக்கா அக்கா எண்டு உசுப்பேத்திக்கொண்டே இருந்தாரு, சனம் கடப்படியில நிண்டு கை தட்டுது, வாளியில தண்ணி அள்ளி ஊத்துறாங்க, அந்த அன்புக்கு முன்னால மெதுவா ஓடுறது லேசில்ல. 7 நிமிசம் 20 செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர், மணிக்கூட்டப் பார்த்துப் பார்த்து ஓடினன். 1 மணி 9 நிமிசம். முடிக்கக்குள்ள இன்னும் ஓடலாம் போல இருந்திச்சி, அத அப்பிடியே மிச்சம் பிடிச்சிக்கொண்டு வந்தன்.

முடிஞ்ச பத்து நிமிசத்துக்குள்ள ரெண்டு கதலிப்பழம், ஜீவனி எண்ட உப்புச் சீனித் தூள் கரைச்ச தண்ணி. ஓட முதலும் முடிஞ்ச பிறகும் நிறுத்துப் பார்த்தன், 900 கிராம் குறைஞ்சிருந்திச்சி, அது கிட்டத்தட்ட முழுக்க வேர்வை. குறைஞ்சதப் போல ஒண்டரை மடங்கு குடிக்கணும், அதால மத்தியானத்துக்குள்ள ஒண்டேகால் லீற்றருக்கு மேல, ஒரேயடியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா. செவ்விளனியும் குடிச்சன், ஆனா அதுல பொட்டாசியம் கூட, உப்புக் குறைவு, நமக்கு வேர்வையில போறது உப்புத்தான். போன வருசம் செவ்விளனியும் பச்சத் தண்ணியுமா வயிறு முட்டக் குடிச்சன், உப்புப் போகப் போக வெறுந்தண்ணிய அளவுக்கு மிஞ்சிக் குடிச்சா இரத்தத்தில சோடியம் இறங்கி ஆபத்தாகும் எண்டு பிறகுதான் படிச்சன்.

சாப்பாட்டுக்கு நான் வச்ச கணக்கு, முதல் நாலு மணித்தியாலமும் உடம்பு நிறையில ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாச்சத்து மணிக்கு மணி. நான் 58 கிலோ, அப்ப மணிக்கு 58 கிராம். எட்டு மணிக்கு பாற்கஞ்சி, ஒம்பதரைக்கு அவிச்ச வத்தாளங்கிழங்கும் சீனிச் சம்பலும், பதினொரு மணிக்கு தயிரும் பாணியும், பன்னிரண்டரைக்கு சோறும் மீன் ஆணமும். பசி இல்லாத நேரமும் சாப்பிட்டன், மருந்து போல.

இதுல மாமிக்கு நான் கடமைப்பட்டிருக்கன். மாமி கதிர்காமத்துக்கு நாலு தரம் நடந்தே போனவ, ஒகந்தையில இருந்து காட்டுக்குள்ள இறங்கி குமண, யால எல்லாம் தாண்டி. போன வருசம் நான் ஓட்டோவில வந்து இறங்கினதப் பார்த்தவ, இந்த வருசம் பக்கத்திலயே நிண்டா. "புள்ள, ஓடிட்டு வந்து போட்ட இடத்தில கால நீட்டிப் படுத்தியெண்டா அவ்வளவுதான், மறுநாள் எழும்பேலாது. கஞ்சியக் குடிச்சிட்டு வளவுக்குள்ள ஒள்ளம் உலாத்துகா, பிறகு படு." அப்பிடியே செஞ்சன். இருபது நிமிசம் உலாத்தல், இளஞ்சுடுதண்ணியில உப்புப் போட்டு கால் வச்சிருந்தது, மறுகா ரெண்டு மணித்தியாலம் நித்திரை. உப்புத்தண்ணியால தசைக்கு என்ன நடக்குதெண்டத விடுங்க, அந்த நேரம் மாமி பக்கத்தில இருந்து காட்டுவழிக் கதை சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். வருசத்து விருந்துக்கு இவரும் மகனும் போனாங்க, நான் போகல்ல, மச்சாளுக்கு முதலே சொல்லி வச்சிட்டன். எட்டு மணிக்குப் படுக்கை.

பக்கத்து வீட்டு அக்கா நோவுக்குக் குளிசை தந்தா, வேணாமெண்டிட்டன். நீண்ட ஓட்டத்துக்கு முதல் ஐபுபுரூபன் மாதிரிக் குளிசை போட்டா, வேர்த்து உடம்பு காஞ்சிருக்கக்குள்ள சிறுநீரகத்துக்குக் கூடாது. நோவு இருந்தா அதத் தெரிஞ்சிக்கொண்டு ஓடணும், மறைச்சிட்டு ஓடக் கூடாது.

ஞாயிறு மூணரைக்கு எழும்பி நிலத்தில கால் வைக்கக்குள்ள நெஞ்சு படபடத்திச்சி. படியால இறங்கிப் பார்த்தன். துடை கொஞ்சம் இறுக்கம், வேற ஒண்டும் இல்ல. சப்பாத்து ரெண்டாவது சோடி, சனி போட்டது இன்னும் ஈரம், ஈரச் சப்பாத்தில ஓடினா கொப்புளம் நிச்சயம். விரலிடுக்கு, அக்குள் எல்லாம் வசிலின்.

அஞ்சு மணி இருட்டில காந்திப் பூங்காவடியில தொடங்கி பாலம் தாண்டி, காத்தான்குடியால ஆரையம்பதி தாண்டித் திரும்புறது. முதல் அஞ்சு கிலோமீற்றரும் ஒரு கிலோமீற்றருக்கு 7 நிமிசம் 40 செக்கன் எண்டு போனன், கால் மரக்கட்ட போல. அதுதான் ரெண்டாம் நாள், சூடேறும் வரைக்கும் பயப்படக் கூடாது எண்டு பயிற்சியிலயே பழகியிருந்தன். காத்தான்குடியில றோட்டு நடுவில நிக்கிற பேரீச்ச மரத்துக்குக் கீழால போகக்குள்ள கால் இளகிட்டு, 7:15க்கு வந்திட்டன். சுபஹு தொழுதிட்டு வந்தவங்க கடைவாசல்ல நிண்டாங்க, ஒரு வயசான காக்கா "மகள், இந்தாங்க" எண்டு ரெண்டு பேரீச்சம்பழமும் தண்ணிப் போத்தலும் நீட்டினாரு. திரும்பி வரக்குள்ளயும் அவர் அவடத்தயே நிண்டாரு. ஒரு தண்ணி மேசையில போத்தல் முடிஞ்சிட்டு, அந்த நேரம் அவர் தந்ததுதான் காப்பாத்திச்சி. அவருக்கு நான் நன்றி சொன்னது கூட மூச்சு வாங்கலில சரியாக் கேட்டிருக்காது.

13வது கிலோமீற்றர். அதே மதில் இல்ல, வேற வழி, ஆனா மணிக்கூட்டில அந்த எண் வரக்குள்ள கெண்டைக்கால கவனிச்சிக்கொண்டே இருந்தன். 14 வந்திட்டு. அப்பதான் அழுகை வந்திச்சி.

15க்குப் பிறகு வெயில் ஏறிட்டு, சித்திரை வெயில் காலமை ஏழு மணிக்கே முதுகில குத்தும், காத்தும் இல்ல. வேகத்த 7:30க்கு விட்டன். கல்லடிப் பாலத்து ஏத்தத்தில மட்டும் நடந்தன், எண்ணி நூறடி, மறுகா ஓட்டம். பாலத்துக்கு அங்கால மகன் சைக்கிளோட நிண்டான், கடைசி வரைக்கும் பக்கத்தில வந்தான், ஒண்டும் கதைக்கல்ல.

திங்கள் செவ்வாய் ரெண்டு நாளும் ஒபிஸ் படியில கைபிடியப் பிடிச்சித்தான் இறங்கினன், புதன் நோவு போயிட்டு. பெருவிரல் நகம் ஒண்டு கறுத்திருக்கு. அடுத்த வருசத்துக்கு மாத்த வேண்டியது, ஞாயிறு ஓட்டத்துக்கு என்ட சொந்தத் தண்ணியும் உப்பும் இடுப்பில கட்டிக்கொண்டு போகணும், மேசைய நம்பக் கூடாது. சனிக்கிழமை வேகம் இதே அளவு.

மாமி நேத்து ஒரு கதை எடுத்தா. கதிர்காமத்து ஆடிக் கொடியேத்தத்துக்கு முதல் காட்டுப் பாதை திறக்கும், இந்த வருசம் கடைசியா ஒருக்கா நடக்கணும், நீயும் வாறியா புள்ள எண்டு. லீவுக்கு எழுதிக் குடுத்திட்டன். மாமி சப்பாத்து வேணாம் எண்டுறா, வெறுங்கால்தானாம். அதால பின்னேரத்தில கல்லடிக் கடக்கரை மணல்ல மாமியோட வெறுங்காலால நடந்து பழகுறன், இண்டைக்கு 3 கிலோமீற்றர்.