ஆச்சி சொல்லாத பெயர்

எங்க ஆச்சி என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எய்யா, சாப்பிட வா" என்பாள், அவ்வளவுதான். எனக்கு வைத்திருப்பது தாத்தாவின் பெயர். கட்டினவர் பெயரை அவள் எப்படி வாயால் சொல்லுவாள்? ரேஷன் கடையில் கார்டு யார் பெயரில் என்று கேட்டால், என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான்தான் சொல்ல வேண்டும். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அதுதான் பேரன்.

போன மார்கழியில் அவளை மன்னார்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்று ராஜகோபாலசுவாமி கோவில்; கல்வெட்டில் ராஜேந்திரசோழ விண்ணகர். நிலம் பாண்டியநாடு, எடுப்பித்தவன் சேர அரசன் ராஜசிம்மன், பெயரோ சோழனுடையது! அங்குள்ள கல்வெட்டுகளில் சடையவர்மன் சுந்தர சோழபாண்டியன் என்று ஒருவன் வருகிறான். ராஜேந்திர சோழனின் மகன். பாண்டியநாட்டை ஆளச் சொல்லி, மதுரையில் அரண்மனையும் கட்டிக்கொடுத்து, அப்பன் உட்காரவைத்த பிள்ளை.

'சோழபாண்டியன்' சரி, பிடித்த நாட்டின் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். என்னை நிறுத்தியது 'சடையவர்மன்'தான். பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட பட்டம் அது. சோழர்களிடமும் இதே வழக்கம் உண்டு. ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி. ராஜேந்திரன் இருக்கும்போதே 1018இல் இளவரசுப் பட்டம் கட்டிக்கொண்ட அவன் மகன் ராஜாதிராஜன் மறுபடி ராஜகேசரி. தாத்தாவின் பட்டம் பேரனுக்கு. எங்க வீட்டு வழக்கமேதான்.

ஆக, ஒரு மகனுக்குச் சொந்தத் தாத்தாவின் பட்டம். இன்னொரு மகனுக்குத் தோற்ற வீட்டுக்காரர்களின் பட்டம். அப்பன் முடிசூட்டும்போது வைக்கிற பெயர் வெறும் அலங்காரமில்லை. 'இனி உங்கள் ராஜா இவன்தான்' என்று ஊருக்குச் சொல்லுகிற சொல். புரிகிறது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நம்ம வீட்டை ஒருவன் பறித்துக்கொண்டு, அதில் குடிவைத்த தன் மகனுக்கு நம்ம தாத்தா பெயரையும் வைத்தால் எப்படி இருக்கும்? அந்தக் காலத்துப் பாண்டியநாட்டு ஜனங்கள் யாராவது அதை வாசித்துவிட்டுப் பேசாமல் நகர்ந்திருப்பார்கள்.

பிரகாரத்தில் உட்கார்ந்து ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "எய்யா, ராஜகேசரின்னு பேரு வச்ச பிள்ளையை அவங்க ஆச்சி என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பா?"