கையெழுத்துக்கு முன்: ஒன்ராறியோ குடிவரவு நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

"லோயரிடம் போவதா, கொன்சல்டன்டிடம் போவதா?" எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கும் முன்னால் பார்க்கவேண்டிய ஒன்று உண்டு: இந்த ஆளுக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்ல உரிமை இருக்கிறதா? கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 91ஆம் பிரிவு அந்த உரிமையைச் சிலருக்கு மட்டுமே கொடுக்கிறது. மாகாணச் சட்டச் சங்கத்தில் பதிவுள்ளவர்கள், ஆலோசகர்களுக்கான கல்லூரியின் (படிப்பிக்கும் கல்லூரியல்ல, உரிமம் கொடுக்கும் அமைப்பு) உரிமம் பெற்றவர்கள், கியூபெக் மாகாணத்தில் சட்டத் தொழில் செய்யும் நோட்டேர்கள், அவ்வளவுதான்.

நம்மவர்கள் இடறுகிற இடம் "நொத்தாரிசு" என்ற சொல். இலங்கையில் நொத்தாரிசு என்றால் உறுதி எழுதுகிற சட்டத்தரணி. ஒன்ராறியோவில் 'நோட்டரி பப்ளிக்' என்ற பலகை மட்டும் இருந்தால், அவர் கையெழுத்தையும் நகலையும் உறுதிப்படுத்தலாம். குடிவரவுக் கேஸ் எடுக்க அது போதாது.

சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். சட்டத்தரணியின் பெயரை ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். ஆலோசகர் என்றால் கல்லூரியின் பட்டியலில், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் அவருடைய உரிம எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. உரிமம் இன்று நடைமுறையில் உள்ளதா, இடைநிறுத்தப்பட்டதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதும் அங்கேயே தெரியும்.

சிக்கலில்லாத விசிட்டர் விசாவுக்கும் ஸ்பொன்சருக்கும் நல்ல ஆலோசகர் போதும். குற்றப் பதிவு, நாடுகடத்தல் உத்தரவு, பொய்த் தகவல் குற்றச்சாட்டு இருந்தால் நேரே சட்டத்தரணியிடம் போங்கள். பெடரல் கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்தாலும் சட்டத்தரணிதான் வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

ஐஎம்எம் 5476. விண்ணப்பதாரர் தன் பிரதிநிதி யார் என்று அறிவிக்கும் படிவம். ஏமாற்று வேலை பெரும்பாலும் இதில்தான் தெரியவரும், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

படிவத்தில் பிரதிநிதி கட்டணம் வாங்குபவரா, வாங்காதவரா என்று குறிக்க வேண்டும். வாங்குபவர் என்றால் எந்த அமைப்பின் உறுப்பினர், உறுப்பினர் எண் என்ன என்பதையும் நிரப்ப வேண்டும். உரிமம் இல்லாதவர் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்வார். ஒன்று, படிவத்தையே வைக்கமாட்டார். நீங்களே விண்ணப்பித்ததுபோல உங்கள் பெயரில் இணையக் கணக்குத் திறந்து அனுப்பிவிடுவார். அல்லது 'கட்டணம் இல்லாத நண்பர்' என்ற பெட்டியில் அடையாளமிடுவார். இரண்டாயிரம் டொலர் வாங்கியவர் படிவத்தில் நண்பராகிவிடுகிறார். அப்படியென்றால் அந்தப் படிவத்திலேயே முதல் பொய் ஏறிவிட்டது, அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.

40ஆம் பிரிவின்படி பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை. "ஏஜென்ட் நிரப்பினார், எனக்குத் தெரியாது" என்பது பெரும்பாலும் எடுபடாது. வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் ஒப்பமிடாதீர்கள். அனுப்பிய முழுப் பிரதியையும், கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

மார்ச் 10, திங்கள்

கட்டணம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். மொத்தத் தொகையா, மணிக்கணக்கா? 13 வீத எச்எஸ்டி (விற்பனை வரி) சேர்ந்ததா? அரச கட்டணம், மொழிபெயர்ப்பு, மருத்துவப் பரிசோதனை, பயோமெற்றிக்ஸ் எனும் கைரேகை, படப் பதிவு (ஒருவருக்கு 85 டொலர்) யார் பொறுப்பு? கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் அதற்குத் தனிக்கட்டணமா? இவை எல்லாம் அந்தத் தாளில் வரவேண்டும். "நூறு வீதம் விசா எடுத்துத் தருவேன்" என்று யார் சொன்னாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். அந்த நேரத்தைக் கதை சொல்லிக் கரைக்காமல், கனடாவுக்குள் வந்த திகதி, ஒவ்வொரு அனுமதியும் முடிந்த திகதி, ஒவ்வொரு மறுப்பும் வந்த திகதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அகதிக் கோரிக்கை என்றால், வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் ஒன்ராறியோவிடம், சட்டத்தரணியின் செலவை அது ஏற்கும் சான்றிதழ் கேட்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

மறுப்புக் கடிதம் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது திகதி. காரணத்தைப் பிறகு பார்க்கலாம்.

முடிவு கனடாவுக்குள் எடுக்கப்பட்டிருந்தால் பெடரல் கோர்ட்டில் மீளாய்வுக்கு அனுமதி கேட்க 15 நாள். வெளிநாட்டு விசா அலுவலகத்தின் முடிவென்றால் 60 நாள். தாக்கல் கட்டணம் 50 டொலர். கனடாவுக்கு வெளியே இருந்து விண்ணப்பித்த வாழ்க்கைத்துணை ஸ்பொன்சர் மறுக்கப்பட்டால் பாதை வேறு: குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு 30 நாளுக்குள் போகவேண்டும். கடிதத்தை இரண்டு கிழமை மேசையில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அநியாயமாகக் கதவு மூடுகிறது.

"முதலில் நோட்ஸ் எடுத்துப் பார்ப்போம்" என்று சொல்வார்கள். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டினால் அதிகாரியின் குறிப்புகள் கிடைக்கும், அது பயனுள்ளதுதான். ஆனால் பதிலுக்கான சட்டக் கெடுவே 30 நாள், உங்களிடம் இருப்பதோ 15. அனுமதி மனுவை முதலில் தாக்கல் செய்யுங்கள். முடிவுக்கான காரணங்கள் கையில் இல்லையென்றால் கோர்ட்டே அவற்றைத் திணைக்களத்திடம் கேட்டு எடுக்கும்.

இன்னொன்று: கோர்ட்டில் வென்றாலும் பொதுவாக விசா கையில் வராது. கோப்பு வேறொரு அதிகாரியிடம் திரும்பிப் போகும். விடுபட்ட ஒரு வங்கிக் கடிதத்தால் வந்த மறுப்பு என்றால், அதைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பது பல வேளைகளில் மலிவு, வேகமும் கூட.

வேலை அல்லது படிப்பு அனுமதி முடிந்துபோனவருக்கு, நிலை (சட்டப்படி தங்கும் தகுதி) இழந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அதை மீட்க விண்ணப்பம் போடலாம். அது முடிவாகும்வரை வேலை செய்யக்கூடாது. அனுமதி முடியுமுன்னரே நீடிப்புக் கேட்டிருந்தால் இந்தத் தலையிடியே இல்லை.

மார்ச் 26, புதன்

நேற்று முதல், புள்ளி பார்த்து நிரந்தர வதிவுக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த 50 அல்லது 200 புள்ளிகள் இல்லை. "எல்எம்ஐஏ (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் அரச ஒப்புதல்) வாங்கித் தருகிறேன், புள்ளி ஏறும்" என்று இன்னும் யாராவது விலை பேசினால், அவர் விற்பது செத்த சரக்கு. வேலையை விலைக்கு விற்பது முன்பும் குற்றம்தான்.

ஏப்ரல் 2, புதன்

அடிக்கடி வரும் கேள்விகள் சில.

பிஆர் கார்ட் (நிரந்தர வதிவு அட்டை) காலாவதியானால் வதிவுரிமை போகாது. ஐந்து வருடத்தில் 730 நாள் இங்கே இருந்தீர்களா என்பதுதான் கணக்கு. ஆனால் கார்ட் இல்லாமல் கொழும்பில் விமானம் ஏற முடியாது. அங்கே பயண ஆவணம் எடுக்கவேண்டும்.

பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்கும் சுப்பர் விசாவுக்கு மருத்துவக் காப்புறுதி குறைந்தது 100,000 டொலருக்கு, ஒரு வருடத்துக்கு இருக்கவேண்டும். விலை விசாரித்த தாளை இணைத்தால் ஏற்கமாட்டார்கள், காப்புறுதி வாங்கிய ஆதாரம் வேண்டும்.

பிறப்புப் பத்திரத்தை அக்காவோ மச்சானோ மொழிபெயர்க்கக்கூடாது, அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராக இருந்தாலும்.

கடைசியாகப் பெயர். பிறப்புப் பத்திரத்தில் சிவகுமாரன், பாஸ்போட்டில் சிவகுமார், பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால். நமக்கு ஒரே ஆள், அதிகாரிக்கு மூன்று பேர். விண்ணப்பத்தில் பாஸ்போட்டில் உள்ளபடி எழுதுங்கள். 'முன்பு பயன்படுத்திய வேறு பெயர்கள்' என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டுவிட்டுப் போகாமல், மற்ற இரண்டையும் எழுத்துக்கு எழுத்து அங்கே எழுதுங்கள்.