ஷாம்பு போட்டும் போகாத பிசுக்கு

தலைக்குக் குளித்துக் காயவைத்த பிறகும் முடி பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. வேர்ப்பக்கம் படுத்துக் கிடக்கிறது, நுனி மட்டும் வறண்டு சொரசொரக்கிறது. சீப்பின் பற்களுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஒரு பசை சேர்கிறது. இப்படி ஆனால் பலரும் ஷாம்புவை மாற்றுவார்கள், இல்லையென்றால் கண்டிஷனரைக் கூட்டுவார்கள். இரண்டாவது காரியம் நிலைமையை இன்னும் கெடுக்கும். முடியில் ஏதோ படிந்திருக்கிறது என்பது வரை சரி. எது படிந்திருக்கிறது என்று பார்க்காமல் கழுவ ஆரம்பிப்பதுதான் தப்பு. ஒரு படிவு மசியும் மருந்துக்கு இன்னொரு படிவு மசியாது.

முடி ஏன் இப்படி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது? பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) 3.7-ஐ ஒட்டித்தான் முடியின் மேற்பரப்பில் மின்னேற்றம் சமமாக இருக்கும். நம் தண்ணீரின், ஷாம்புவின் பிஹெச் அதற்கு மேலே இருப்பதால், குளிக்கும்போது முடியின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றத்தோடு இருக்கும். கண்டிஷனரில் உள்ள நேர்மின்னேற்றப் பொருள்கள் அதில் போய் ஒட்டுகின்றன. கண்டிஷனர் வேலை செய்வதே அப்படித்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம், தாமிரம் எல்லாமே நேர்மின்னேற்றம் கொண்டவை. அவையும் அதே இடத்தில் வந்து உட்காரும். ப்ளீச் செய்த முடியிலும் பழைய நுனியிலும் எதிர்மின்னேற்றம் அதிகம் என்பதால் படிவும் அங்கேதான் கூடுதல்.

படிவை இரண்டு பெரிய கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் போதும்: எண்ணெய், சிலிக்கோன், பாலிமர், மெழுகு என்று நாம் பூசியவை (தோல் சுரக்கும் எண்ணெயும் இதில் சேர்த்தி) ஒரு பக்கம்; தண்ணீர் கொண்டுவந்த உலோக உப்புகள் இன்னொரு பக்கம். முதல் கூட்டத்தைக் கண்டுபிடிக்க, பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். டைமெத்திகோன், டைமெத்திகோனால், அமோடைமெத்திகோன் என்று வந்தால் அது தண்ணீரில் கரையாத சிலிக்கோன். இதில் அமோடைமெத்திகோன் சேதமான இடமாகப் பார்த்து ஒட்டும். அதற்காகச் சிலிக்கோன் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. பெயருக்கு முன்னால் 'பெக்-12' என்பது போல எண்ணோடு வந்தால் அது பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். சைக்ளோபென்டாசிலாக்சேன் தானாகவே ஆவியாகிவிடும்.

யாரும் சந்தேகப்படாத ஆள் பாலிகுவாட்டர்னியம்-10 என்ற நேர்மின்னேற்றப் பாலிமர். இது ஷாம்புவுக்குள்ளேயே இருக்கும், அதுவும் 'மென்மையாக்கும்', 'டூ-இன்-ஒன்' வகைகளில் அதிகம். ஷாம்பு கெட்டியாக இருக்கும்வரை கரைந்திருக்கும். அலசத் தண்ணீர் ஊற்றியதும், நுரைக்கும் பொருளோடு சேர்ந்து பிரிந்து முடியில் படியும். அப்படித்தான் அதைத் திட்டமிட்டே சேர்க்கிறார்கள். ஆகவே அதே ஷாம்புவை இரண்டு தடவை, மூன்று தடவை போட்டால் படிவு குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. ஜெல், ஸ்ப்ரே வகைகளில் உள்ள பாலிமர்கள் பெரும்பாலும் சாதாரணக் குளியலிலேயே கரைந்துவிடும். ட்ரை ஷாம்புவில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு முடியிலேயே உட்கார்ந்திருக்குமே தவிர எதையும் வெளியேற்றாது.

உப்புப் படிவுக்கு வருவோம். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 120-ஐத் தாண்டினால் கடினநீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம். அளக்கக் கருவி இல்லையென்றால், குழாய் வாயிலும் வாளி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சோப்புக் கட்டியால் தலை குளிப்பவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. சோப்பும் கால்சியமும் சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பிசுக்கு உண்டாகி முடியோடு அப்பிக்கொள்ளும். 'ஷாம்பு பார்' என்று விற்கும் கட்டிகளிலும் இரண்டு வகை உண்டு. பட்டியலின் தொடக்கத்தில் சோடியம் கோக்கோவேட், சோடியம் ஆலிவேட் என்று இருந்தால் அது சோப்புதான். சோடியம் கோக்காயில் ஐசெத்தியோனேட் இருந்தால் சோப்பல்ல, கடினநீரிலும் தாங்கும்.

இனி சோதனை. வழக்கம்போல் குளித்து முடியைக் காயவிடுங்கள். காதுக்குப் பின்னால் பென்சில் தடிமனுக்கு மூன்று கொத்து பிரித்து, தனித்தனியாக ரப்பர் பேண்ட் போடுங்கள். முதல் கொத்துக்கு, சிலிக்கோனும் பாலிகுவாட்டர்னியமும் இல்லாத வலுவான ஷாம்பு (எது என்று அடுத்த பத்தியில்) சில துளி. இரண்டாவதை, 250 மில்லி தண்ணீரில் 5 சதவீத அமிலம் உள்ள வினிகர் 1 மேசைக்கரண்டி (15 மில்லி) கலந்து மூன்று நிமிடம் முக்கி வையுங்கள். மூன்றாவதற்கு முதலில் ஷாம்பு, அலசிய பின் வினிகர் தண்ணீர். மூன்றையும் சுத்திகரித்த தண்ணீரில் அலசி, கண்டிஷனர் போடாமல் காற்றில் காயவிடுங்கள். முதல் கொத்தே லேசாகி உதிரி உதிரியாக நின்றால் படிவு நாம் பூசியதுதான். இரண்டாவதில் பிசுக்குப் போயிருந்தால் சோப்போ உப்போ காரணம். மூன்றாவது மட்டும் தேறினால் இரண்டும் கலந்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எந்த முடியும் லேசான அமிலம் பட்டால் சற்று வழுவழுப்பாகும். அதனால் வழுவழுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விரலில் ஒட்டும் தன்மை போனதா, பழைய பளபளப்பு வந்ததா என்று பாருங்கள்.

பூசிய படிவை எடுக்க, தண்ணீருக்கு அடுத்து வரும் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சோடியம் லாரெத் சல்பேட், சோடியம் லாரில் சல்பேட் அல்லது சோடியம் சி14-16 ஒலிஃபின் சல்போனேட் இருக்கும் ஷாம்பு வேண்டும். முகப்பில் 'கிளாரிஃபையிங்' (படிவை நீக்குவது) என்று எழுதியிருப்பதை நம்பாமல் பட்டியலை நம்புங்கள். முதலில் சிக்கெடுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் முடி முழுக்க ஊறும்படி ஒன்றிரண்டு நிமிடம் நனையுங்கள். படிவு இருக்கும் முடி சட்டென்று நனையாது, தண்ணீர் உருண்டு ஓடும். தோள்வரை உள்ள முடிக்கு 5 முதல் 10 மில்லி ஷாம்பு போதும். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கலக்கி, விரல் நுனியால் மண்டைத்தோலில் தேய்த்து, அந்த நுரையைக் கீழே இழுத்துவிடுங்கள். முதல் தடவை நுரை வராது. எண்ணெய் நுரையைத் தின்றுவிடும். அலசிவிட்டு இரண்டாவது முறை போடும்போது நுரை பொங்கினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். அலசுவதற்கு இரண்டு நிமிடமாவது கொடுங்கள். பிடரிப் பக்கம்தான் எப்போதும் அரைகுறையாக விட்டுப்போகும் இடம்.

பெட்ரோலியம் ஜெல்லி, கெட்டி மெழுகு அப்பியிருந்தால் தண்ணீர் படுவதற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். லேசான எண்ணெய் கொஞ்சம் தடவி 15 நிமிடம் விட்டால் மெழுகு இளகும். அதன் மேல், நனைக்காமலே ஷாம்புவைத் தேய்த்துவிட்டுப் பிறகு தண்ணீர் விடுங்கள். முதலில் தண்ணீர் பட்டுவிட்டால் ஷாம்பு மெழுகோடு கலப்பது குறைந்துவிடும்.

உப்புப் படிவுக்கு, உலோக அயனிகளைப் பிடித்து இழுக்கும் பொருள் வேண்டும்: டைசோடியம் அல்லது டெட்ராசோடியம் இடிடிஏ, சோடியம் குளுக்கோனேட், ஃபைட்டிக் அமிலம், சிட்ரிக் அமிலம். சாதாரண ஷாம்புகளிலும் இடிடிஏ இருக்கும், ஆனால் பட்டியலின் கடைசியில், பாட்டிலுக்குள் இருக்கும் சரக்கு கெடாமல் காப்பதற்கு மட்டும். உங்களுக்கு வேண்டியது அது பட்டியலில் மேலே வரும் ஷாம்பு. நுரையை 3 முதல் 5 நிமிடம் முடியிலேயே விட்டுவைக்க வேண்டும். வரிசையை மாற்றாதீர்கள்: மேலே சிலிக்கோன் படலம் மூடியிருக்கும்போது அடியில் இருக்கும் கால்சியத்தை எந்த மருந்தாலும் எளிதில் தொட முடியாது. அதனால் வலுவான ஷாம்பு முதலில், இது இரண்டாவது.

வினிகரால் சோப்புப் பிசுக்கும் லேசான உப்பும் போகும், சிலிக்கோன் அசையாது. நேராக ஊற்றினால் தோல் எரியும். மேலே சொன்ன அளவே போதும், கண்ணில் படக்கூடாது. சமையல் சோடா வேண்டவே வேண்டாம். அதன் கரைசலின் பிஹெச் 8-க்கு மேல், முடியின் செதில்களைத் தூக்கிவிடும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலக்கச் சொல்லும் குறிப்புகளைக் கண்டால் கடந்து போய்விடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவது குமிழியும் சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீரும்தான்.

ஷவரில் மாட்டும் சின்ன ஃபில்டர்கள் குளோரினைக் குறைக்கும். கடினத்தன்மையைக் குறைக்க உப்புப் போட்டு இயங்கும் அயனிப் பரிமாற்ற மென்னீராக்கி வேண்டும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் தற்காலிகக் கடினத்தன்மை (பைகார்பனேட் உப்புகளால் வருவது) மட்டும் போகும், சல்பேட்டும் குளோரைடும் அப்படியே இருக்கும். இதெல்லாம் முடியாதென்றால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு லிட்டர் சுத்திகரித்த தண்ணீரை ஒதுக்குங்கள்; கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடைக்கும்.

கழுவி முடித்ததும் முடி கிரீச்சென்று சத்தம் போடும். அப்படியே விட்டால் சிக்கு விழுந்து உடையும்; கண்டிஷனரைக் காது மட்டத்துக்குக் கீழே மட்டும் தடவி அலசுங்கள். சிலிக்கோன், மெழுகு தினமும் பூசுகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மற்றவர்களுக்கு மாதம் ஒரு தடவை போதும். வாராவாரம் செய்தால் வறட்சியும் பறக்கும் முடியும்தான் மிச்சம், அதை அடக்க மறுபடி எதையாவது பூசுவீர்கள். கலர் செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே இந்தக் கழுவலை முடித்துவிடுங்கள், கலர் செய்த பின் கழுவினால் நிறம் வெளுக்கும். ப்ளீச்சுக்கு முன்னால் உப்புப் படிவை எடுப்பது இன்னும் முக்கியம்: முடியில் தாமிரம் இருந்தால் பெராக்சைடு அங்கே முடியைக் கூடுதலாகச் சிதைக்கும். நீச்சல் குளத்தில் வெளிர்நிற முடி பச்சையாவதற்கும் அந்தத் தாமிரம்தான் காரணம், பழி மட்டும் குளோரினுக்கு.

சீப்பு, பிரஷ் எல்லாவற்றையும் அன்றைக்கே ஷாம்பு கலந்த வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எடுத்த பிசுக்கை முதல் வாரலிலேயே திரும்பப் பூசிக்கொள்வீர்கள்.

இத்தனை செய்தும் வெள்ளையாக உதிர்ந்தால் அது படிவாக இல்லாமல் இருக்கலாம். மண்டைத்தோல் சிவந்து, அரித்து, மஞ்சளாகப் பிசுபிசுத்த செதில் வந்தால் பொடுகு வகை. அதற்குக் கீட்டோகோனசோல் அல்லது செலினியம் சல்பைடு உள்ள ஷாம்பு வேண்டும். ஒரே ஒரு முடியை இரு விரலால் பிடித்து வெள்ளைப் புள்ளியைத் தள்ளிப் பாருங்கள். பொடியாக நொறுங்கினால் பூசிய பொருள். குழாய்போல் முடியைச் சுற்றிக்கொண்டு வழுக்கி நகர்ந்தால் முடியுறை, கவலை இல்லை. ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு நகரவே மறுத்தால் ஈர். அரிப்போடு முடி கொத்தாக உதிர்கிறது, அல்லது தோலில் புண் இருக்கிறது என்றால் ஷாம்பு தேடுவதை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.