ஒரு பக்கக் கொம்பு

கொலராடோவில் எல்க் மான் வேட்டைக்குப் போக ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. போன வருடம்வரை இறைச்சிக்காக மட்டும்தான். போன அக்டோபரில் முதல் துப்பாக்கிப் பருவத்துக்கு, அன்கம்பாக்ரே பீடபூமியில், கலைக்கான (ஆண் எல்க்) அனுமதி குலுக்கலில் விழுந்தது. குலுக்கலில் முன்னுரிமைக்காக வருடக்கணக்கில் சேர்த்த புள்ளிகள் அதோடு பூஜ்யம். அதனால் முதலில் கண்ணில் படுவதைச் சுடாமல், நல்ல கொம்பாகப் பார்த்து எடுப்பது என்று முடிவு செய்தேன். கையில் இருந்தது ஐந்தே நாள்.

சட்டம் கேட்பது குறைவுதான். பெரும்பாலான இடங்களில் ஒரு கொம்பில் நான்கு முனை இருந்தால் போதும். அல்லது நெற்றிக் கிளை ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். பெரிய கொம்பா என்பதுதான் கஷ்டமான கேள்வி. கொம்புகளை அளந்து பதிவு செய்யும் பூன் அண்ட் கிராக்கெட் என்ற அமெரிக்க வேட்டைச் சங்கத்தின் முறையில் தண்டின் (கிளைகள் முளைக்கும் நடுக்கொம்பின்) நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், ஒரு பக்கத்துக்கு நான்கு சுற்றளவு, இரண்டு தண்டுக்கும் நடுவே உள்ள அகலம் எல்லாவற்றையும் அங்குலத்தில் கூட்டுவார்கள். இரு பக்கமும் ஒத்துப்போகாத அளவைக் கழித்துவிடுவார்கள். அவர்களுடைய நிரந்தரப் பதிவேட்டில் ஏற 375 வேண்டும். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை, 320 வந்தால் போதும் என்றிருந்தேன்.

காட்டில் யாரும் நாடா பிடித்து அளக்க முடியாது. மானின் முகமே அளவுகோல்: மூக்கு நுனியிலிருந்து கொம்பின் அடிவரை சுமார் 16 அங்குலம். கீழ்க் கிளைகளை அதோடு ஒப்பிட வேண்டும். நான்காவது கிளைதான் வழக்கமாக எல்லாவற்றிலும் நீளம். அங்கே அதை வாள் என்பார்கள். அகலத்தைப் பார்த்து மயங்காதே என்று கூட வந்த அலுவலக நண்பர் திரும்பத் திரும்பச் சொன்னார். முப்பது வருடமாக வேட்டையாடுகிறவர். நேர் எதிரே நிற்கும் மான் எப்போதும் பிரமாண்டமாகத் தெரியும். அகலம் கூட்டலில் ஒரே ஒரு முறைதான் வரும், தண்டும் கிளைகளும் இரண்டு முறை வரும்.

இரண்டாம் நாள் அப்படி ஒன்று எதிரே நின்றது. என் கை துப்பாக்கிக்குப் போய்விட்டது. அது திரும்பியதும் பார்த்தால் மூன்றாவது கிளை ஒரு சாண்கூட இல்லை. விட்டுவிட்டோம்.

நான்காம் நாள் மாலை, ஆஸ்பென் மரங்களின் ஓரத்தில், 240 கெஜத்தில் இன்னொன்று. இடது பக்கம் முழுதாகத் தெரிந்தது. தொலைநோக்கியில் கணக்குப் போட்டேன்: தண்டு 48, ஐந்து கிளைகள் 71, சுற்றளவு 27, ஆக 146. இரண்டால் பெருக்கி அகலத்துக்கு 38 சேர்த்தால் 330. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நண்பர் காதருகே வந்து, இன்னொரு பக்கத்தையும் பார்த்துக்கொள் என்றார். மான் மரங்களுக்குள் நடக்கத் தொடங்கியது. சுட்டுவிட்டேன்.

ஒரே குண்டில் விழுந்தது, அந்த மட்டில் நிம்மதி. அருகே போனதும் நண்பர் எதுவும் சொல்லாமல் வலது கொம்பைத் தூக்கிக் காட்டினார். வாள் ஐந்து அங்குலத்தில் முறிந்து கிடந்தது. செப்டம்பர் இணைசேரும் காலத்துச் சண்டையில் போயிருக்க வேண்டும். அக்டோபரில் இது சகஜம் என்று எனக்குத் தெரியாததல்ல.

இருட்டில் சதையைப் பிரித்து, மறுநாள் மதியம்வரை நான்கு நடையாகச் சுமந்தோம். அப்புறம்தான் நாடா எடுத்தோம். இடது பக்கம் நான் நினைத்த 146 இல்லை, 140. வலது 128. அகலம் 36. மொத்தம் 304, முறிந்த கிளைக்காகக் கழித்தால் 292. முறைப்படி அளக்க அறுபது நாள் உலர வைக்க வேண்டும். நான் அதற்குப் போகவில்லை.

மண்டையோட்டோடு கொம்பைக் கராஜ் சுவரில் மாட்டியிருக்கிறேன். கதவைத் திறந்ததும் இடது பக்கம் தெரிகிற மாதிரி.