மகப்பேறு விடுப்பு முடிந்து வகுப்புக்குத் திரும்பியபோது

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரை அடுத்த மீனவக் கிராமம் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நான் இடைநிலை ஆசிரியை. 365 நாள் மகப்பேறு விடுப்பு முடிந்து, 2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை முற்பகலில் மீண்டும் பணியில் சேர்ந்தேன். 2021 ஜூலைக்கு முன்பு இந்த விடுப்பு ஒன்பது மாதம்தான். எனக்கு மூத்த ஆசிரியைகள் கைக்குழந்தையை எந்த மனத்தோடு விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்பது, என் மகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறிய அன்றுதான் எனக்கு விளங்கியது.

பணியேற்புக் கடிதம் கொடுப்பது பத்து நிமிட வேலை. ‘முற்பகல்’ என்று குறிப்பிட மறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் விடுப்பு அனுமதி ஆணை என் பணிப்பதிவேட்டில் பதியப்படாமல் விடுபட்டிருந்ததால் ஆண்டு ஊதிய உயர்வு நின்றுபோயிருந்தது. அதற்காக இரண்டு முறை அலைந்தேன். ஆணையின் நகலைக் கையில் வைத்திருந்ததால்தான் காரியம் முடிந்தது.

வகுப்பறைதான் கடினமாக இருந்தது. நான் விடுப்பில் சென்றபோது, சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கி இரண்டு மாதமே ஆகியிருந்தது. திரும்பி வந்தபோது பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிந்து அமர்ந்து, அடுத்து எந்தப் பயிற்சி அட்டையை எடுக்க வேண்டும் என்று எனக்கே சொல்லித்தந்தார்கள். மூன்றாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழுதபோது எனக்குப் பால் சுரந்து புடவை நனைந்தது. சத்துணவு அக்கா தன் துண்டை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டுப் பேசாமல் போனார். அவருக்கு நான் இன்னும் முறையாக நன்றி சொல்லவில்லை.

இந்தக் கரையின் நாள்கணக்கும் எனக்கு மறந்துபோயிருந்தது. இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். அதை நினைக்காமல், வியாழக்கிழமை முதல் பாடவேளையில் புதிய எழுத்துகளைத் தொடங்கினேன். பாதிப் பேர் படகுத்துறையிலிருந்து தாமதமாக வந்தார்கள். வந்தவர்களும் தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். அதன்பின் செவ்வாய், வியாழன் காலைகளை முந்தைய பாடத்தைத் திரும்பப் படிப்பதற்கே ஒதுக்கினேன். கடற்பாசி எடுக்க விடியுமுன்னே கிளம்பிவிடும் தாய்மார்களின் பிள்ளைகள் முன்பெல்லாம் வெறும் வயிற்றோடு வந்து பதினொரு மணிக்கே சோர்ந்துவிடுவார்கள். ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தபின் அந்தச் சோர்வு குறைந்ததை என் கண்ணாலேயே கண்டேன்.

அரும்பு நிலையில் ஒரு பையன் இருந்தான். எந்த அட்டையைக் காட்டினாலும் வாய் திறக்கமாட்டான். ஒரு நாள் அட்டைகளை ஒதுக்கிவிட்டுக் கரும்பலகையில் ‘மடி’ என்று எழுதி, “இது அம்மாவின் மடி” என்றேன். அவன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து, “இல்ல டீச்சர், மீன் விழுற மடி. வலையோட கடைசில இருக்கும்” என்றான். அவனையே படம் வரையச் சொன்னேன். வலையையும் அதன் நுனியில் பையையும் வரைந்து, பைக்குள் ‘மடி’ என்று அவனே எழுதினான். மறுநாள் வலை, நண்டு, பாறை, வல்லம் என்று அவனுக்குத் தெரிந்த கடல் சொற்களை நான் எழுத எழுத எழுத்துக்கூட்டிப் படித்தான். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே மொட்டுக்கு வந்துவிட்டான்.