அதிமதுர விதை முளைக்கவே இல்லையா? என் செய்முறைத் தேர்வு அனுபவம்

தாவரவியல் செய்முறைத் தேர்வுக்கு விதை முளைப்பு பற்றி ஒரு திட்டம் செய்ய வேண்டியிருந்தது. நான் அதிமதுரத்தை எடுத்துக்கொண்டேன். பல ஆண்டு வாழும் செடி. குளிரில் மேலே காய்ந்தாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இவ்வளவு உரமான செடியின் விதை தானாக முளைத்துவிடும் என்று நம்பினேன். மூன்று வாரம் தண்ணீர் தெளித்த பிறகு மண்ணைக் கிளறினால், போட்ட விதை போட்டபடியே கிடந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. அழுகவும் இல்லை, உப்பவும் இல்லை.

உப்பவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதிமதுரம் பயறு வகைக் குடும்பம். அதன் கெட்டியான விதையுறை தண்ணீரை உள்ளே விடாது. கரு உயிரோடு இருந்தும் முளைக்க வழியில்லை. புத்தகத்தில் விதை உறக்கம் என்று படித்தது இதுதான்.

சரி, மறுபடி தொடங்கினேன். இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே விதைகளை வைத்து, மினுமினுப்பு மங்கும்வரை மட்டும் தேய்த்தேன். அதற்கு மேல் தேய்த்தால் கருவில் காயம் படும். இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டேன். காலையில் பார்த்தால் சில விதைகள் உப்பியிருந்தன, சில அப்படியே இருந்தன. உப்பாதவற்றை எறியாதீர்கள்; துடைத்து, இன்னொரு முறை தேய்த்து ஊறவையுங்கள். உப்பியவற்றை ஈர வடிதாளில் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வையுங்கள். முளைவேர் எட்டிப் பார்த்ததும் ஆழமான தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். மண்ணில் நீர் தேங்கினால் நாற்று அழுகும்.

தேய்க்காத விதைகளையும் அதே நாளில், அதே எண்ணிக்கையில் தனியாக வைக்க மறக்காதீர்கள். ஒப்பிட அது இல்லையென்றால் முடிவு நிற்காது. முறையான முளைப்புச் சோதனைக்கு 400 விதை எடுப்பார்கள். என்னிடம் 60தான் இருந்தது. அதை ரெக்கார்டில் முதலிலேயே எழுதிவிட்டேன்.

முதல் மூன்று வாரக் குறிப்பைக் கிழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, கிழிக்கவில்லை. தேர்வாளர் அதிக நேரம் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். "முளைக்காத விதை செத்துப்போச்சா, தூங்குதா? எப்படிம்மா சொல்லுவ?" என்று கேட்டார். டெட்ரசோலியம் என்ற வேதிப்பொருளின் கரைசலில் உயிருள்ள கரு சிவப்பாகும் என்றேன். "அதுக்கும் உறையைக் கீறணுமா?" என்றார். கீற வேண்டும், கரைசலும் தண்ணீர் போலத்தான் உள்ளே போக வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் தயாராகப் போங்கள்.

திட்டத்துக்கு 'வேர் மகசூல்' என்று தலைப்பு போட்டுவிடாதீர்கள், தேர்வுக்குள் முடியாது. அதிமதுர வேரை எடுக்க 3, 4 ஆண்டு ஆகும்.